சின்னப் பசங்ககிட்ட இன்டர்வியூ எடுத்தா "ஆமா", "தெரியல"ன்னு மட்டும் வருதே, இது ரிசர்ச்சுக்கு ஆகுமா?

கேள்வி கேட்டவங்க சொன்னத சுருக்கமா சொல்லிடறேன். கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல்ல (சின்ன கிளாஸ் பசங்க ஸ்கூல்), 6ல இருந்து 9 வயசு வரைக்கும் இருக்கற பசங்களோட பயங்கள பத்தி எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு டெசர்டேஷன் பண்றாங்க. இன்டர்வியூன்னு உக்காந்தா பசங்க "ஆமா டீச்சர்", "தெரியல டீச்சர்"னு ரெண்டு பதில்ல முடிச்சுக்கறாங்க. கைடு வந்து "இன்டர்வியூ எல்லாம் சைன்டிஃபிக் இல்ல, பேசாம ஒரு ஸ்கேல், அதாவது டிக் அடிக்கற கேள்வித்தாள், குடுத்து மார்க் போட்டுரு"ங்கறாரு. என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க.

ஆகும்ங்க, தாராளமா ஆகும். நானும் அதே பக்கம், சித்தூர் தாலுகாக்காரன்தான், பல வருசமா பசங்ககிட்ட பேசி ரெக்கார்ட் பண்ணி எழுதி எடுக்கற வேலையிலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். உங்க கைடு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதுக்கு பின்னாடி வரேன். மொதல்ல அந்த "ஆமா டீச்சர்" எங்க இருந்து வருதுன்னு பாத்துருவோம்.

ஒரு குழந்தையோட வாழ்க்கையில பெரியவங்க எப்பெல்லாம் கேள்வி கேக்கறாங்கன்னு யோசிச்சு பாருங்க. ஸ்கூல்ல "இது என்ன கலர்", "ஏழும் அஞ்சும் எத்தன", வீட்டுல சொந்தக்காரங்க வந்தா "உங்க மிஸ் பேரென்ன, ஒரு பாட்டு பாடு". இதுல எல்லாத்துலயும் கேக்கறவருக்கு பதில் ஏற்கனவே தெரியும், குழந்தை சரியா சொல்லுதான்னு பாக்கத்தான் கேக்கறாங்க. ஆறு வயசுக்குள்ள இந்த சட்டம் பசங்களுக்கு நல்லா பதிஞ்சுருது. அப்ப நீங்க போய் உக்காந்து "உனக்கு இருட்டுன்னா பயமா?"ன்னு கேட்டா, அவன் தன் மனசுக்குள்ள போய் தேடறதில்ல, உங்க மூஞ்சியத்தான் பாக்கறான். டீச்சருக்கு எந்த பதில் வேணும்? ஆமான்னு சொன்னா முடிஞ்சுரும்போல, சரி, ஆமா. இன்டர்வியூங்கற மெத்தட்ல நாம கத்துக்க வேண்டிய அத்தனையும், எல்லா டெக்னிக்கும், இந்த ஒரு சட்டத்த குழந்தை மனசுல இருந்து அரைமணி நேரத்துக்காச்சும் எடுத்து வைக்கறதுக்குத்தான். இங்க எனக்கு பதில் தெரியாது, உனக்குத்தான் தெரியும், இத குழந்தை நம்பணும். நம்புச்சுன்னா பேசும்.

இது என் கருத்து மட்டும் இல்ல, நல்லா சோதிச்சு பாத்த விஷயம். ஹியூஸ், கிரீவ்னு ரெண்டு பேர் 1980ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 5 வயசு 7 வயசு பசங்ககிட்ட அர்த்தமே இல்லாத கேள்வி கேட்டாங்க, "பால் பெருசா தண்ணி பெருசா?", "செவப்பு கனமா மஞ்ச கனமா?" இந்த மாதிரி. பசங்க கிட்டத்தட்ட எல்லாரும் சீரியஸா பதில் சொன்னாங்க, சிலபேர் காரணமும் சொன்னாங்க. பெரியவங்க கேக்கறாங்கன்னா அதுக்கு ஒரு பதில் இருந்துதான் ஆகணும்னு நம்பிக்கை. அப்புறம் 2000 வாக்குல வாட்டர்மன், பிளேட்ஸ், ஸ்பென்சர் மூணு பேரும் அதயே இன்னும் கொஞ்சம் பிரிச்சு பாத்தாங்க. அர்த்தமில்லாத கேள்விய ஆமா/இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேட்டா பசங்க ஏதோ ஒண்ண சொல்லிடறாங்க, அதே மாதிரி அர்த்தமில்லாத கேள்விய "என்ன", "எப்படி"ன்னு திறந்து கேட்டா பெரும்பாலும் "தெரியல"ன்னு ஒழுங்கா சொல்றாங்க. அதாவது உங்களுக்கு வந்த "தெரியல" கெட்ட டேட்டா இல்லைங்க, அது பல சமயம் நேர்மையான பதில். பயப்பட வேண்டியது அந்த "ஆமா"வுக்குத்தான்.

ரெண்டாவது தடவ கேக்கறதும் இதே கதைதான். குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராஞ்ச பியாஜேயோட பிரபலமான டெஸ்ட் உங்களுக்கு தெரியும், ரெண்டு வரிசையா பட்டன் மாதிரி அடுக்கி ரெண்டும் சமமான்னு கேப்பாங்க, அப்புறம் ஒரு வரிசைய நீட்டி வச்சு திரும்பவும் அதயே கேப்பாங்க, சின்னப் பசங்க நீளமான வரிசையிலதான் ஜாஸ்தின்னு சொல்லும். ரோஸ், பிளாங்க்னு ரெண்டு பேர் 1974ல அந்த முதல் கேள்விய தூக்கிட்டு, நீட்டினதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவ மட்டும் கேட்டாங்க, ஒண்ணாங்கிளாஸ் வயசு பசங்க தப்பு பண்றது கொறஞ்சுது. ஏன்னா கிளாஸ்ல ஒரே கேள்விய டீச்சர் ரெண்டாவது தடவ கேட்டா மொதல்ல சொன்னது தப்புன்னு அர்த்தம், பசங்க பதில மாத்திருவாங்க. அதே வருசம் மெக்கரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் ஒரு குறும்பு கரடி பொம்மைய விட்டு அந்த வரிசைய "கலைச்சு" விட்டாங்க, பெரியவர் வேணும்னே மாத்தல, பொம்ம கெடுத்துருச்சு, அவ்வளவுதான் வித்தியாசம், 4ல இருந்து 6 வயசு பசங்கள்ல சரியா சொன்னவங்க பல மடங்கு கூடிட்டாங்க. குழந்தையோட மூளை அதே மூளைதான், கேக்கற சூழ்நிலை மாறுச்சு, "கண்டுபிடிப்பு"ம் மாறிப்போச்சு. நீங்க டெசர்டேஷன்ல மெத்தடாலஜி சாப்டர் எழுதறப்ப இத கண்டிப்பா எழுதுங்க, கைடுக்கும் பிடிக்கும்.

சரி, இன்டர்வியூ சைன்டிஃபிக் இல்லங்கற பேச்சுக்கு வருவோம். குழந்தை மனோதத்துவத்துல பாதி விஷயம் இன்டர்வியூல இருந்துதான் வந்துச்சு, அத எப்படி மறக்கறாங்கன்னு எனக்கு புரியல. பியாஜே 1920 வாக்குல பாரிஸ்ல, புத்திய அளக்கற டெஸ்ட் உருவாக்குன பினேயோட பழைய லேப்ல, பினே அப்ப உயிரோட இல்ல, அவரோட கூட்டாளி சிமோன்கிட்ட வேலைக்கு சேந்தாரு. இங்கிலாந்துல பர்ட்டுங்கறவரு பண்ண ரீசனிங் டெஸ்ட்ட பிரெஞ்சு பசங்களுக்கு ஸ்டாண்டர்டைஸ் பண்ணச் சொன்னாங்க. சரி எத்தன, தப்பு எத்தனன்னு எண்ணறதுதான் வேல. அவருக்கு அதுல ருசி வரல, ஒரே வயசு பசங்க ஒரே மாதிரி தப்பு பண்றாங்களே, அது எப்படின்னு அவங்ககிட்டயே பேச ஆரம்பிச்சாரு. டாக்டருங்க நோயாளிகிட்ட பேசற மாதிரி, ஒரு கேள்வி, பதில், அந்த பதில பிடிச்சு அடுத்த கேள்வி. அதுக்குத்தான் கிளினிக்கல் மெத்தட்னு பேரு. இன்னைக்கு நாம செமி-ஸ்ட்ரக்சர்டு இன்டர்வியூங்கறதுக்கு, அதாவது கொஞ்சம் கேள்விய முன்னாடியே வச்சுட்டு மீதிய பதில பாத்து கேக்கறதுக்கு, அது தாத்தா முறை. பசங்க சரி தப்ப எப்படி முடிவு பண்றாங்கன்னு ஆராஞ்ச கோல்பெர்க் 1958ல 10ல இருந்து 16 வயசுக்குள்ள 72 பசங்ககிட்ட, மருந்து திருடலாமா கூடாதாங்கற கதைய சொல்லி கேட்டதும் இதோட தொடர்ச்சிதான்.

அதோட பியாஜே கண்ணமூடிட்டு பதில நம்பினவரும் இல்ல. 1926ல வந்த புத்தகத்துல குழந்தைங்க சொல்ற பதில அஞ்சா பிரிக்கறாரு. ஒண்ணு, சும்மா வாய்க்கு வந்தத சொல்றது, கேள்வியிலயே மனசு இல்ல. ரெண்டு, கத விடறது, குழந்தைக்கே அது கதன்னு தெரியும். மூணு, கேக்கறவரு கேள்வியிலயே பதில வச்சு குடுத்து அத குழந்தை திருப்பி குடுக்கறது. நாலு, கேள்வி கேட்டதுனால அப்பதான் யோசிச்சு, தன் சொந்த புத்தியில கண்டுபிடிச்சு சொல்றது. அஞ்சு, கேக்கறதுக்கு முன்னாடியே மனசுல இருந்தது. முதல் மூணும் குப்பை, கடைசி ரெண்டும்தான் நமக்கு வேணும். உங்ககிட்ட இருக்கற ரெக்கார்டிங்க எடுத்து இந்த அஞ்சுல எது எதுன்னு போட்டு பாருங்க, நிறைய மூணாவது இருக்கும்னு நெனக்கறேன். இன்னொண்ணும் சொல்றாரு, இதுக்கு புதுசா வர்றவங்க தடுமாற்றம் தீரணும்னா தினமும் பழகி ஒரு வருசமாச்சும் ஆகும்னு, குழந்தைகிட்ட நாமளே அதிகமா பேசாம இருக்கறது அவ்வளவு கஷ்டம்னு. அதனால மனசு விட்டுடாதீங்க.

ஸ்கேல் விஷயத்துல உங்க கைடு சொல்றது, பயத்துக்கு ஓலன்டிக் 1983ல திருத்தி வச்ச அந்த 80 கேள்வி ஃபியர் சர்வேயா இருக்கும்னு நினைக்கறேன். ஒவ்வொண்ணுக்கும் "இல்ல, கொஞ்சம், ரொம்ப"ன்னு மூணு ஆப்ஷன். நல்ல ஸ்கேல்தான், குறை சொல்லல, நூத்துக்கணக்கான பசங்கள ஒப்பிட்டு பாக்கணும்னா அதுதான் வேணும், இன்டர்வியூவால அது ஆகாது. கைடு பக்கத்து நியாயம்னு நான் சொன்னது இதான். ஆனா பயங்கற விஷயத்துலயே ஒரு சிக்கல் இருக்கு. நெதர்லாந்துல மூரிஸும் அவங்க டீமும் 1997ல பாத்தாங்க, இந்த ஸ்கேல குடுத்தா பசங்களோட பெரிய பயமெல்லாம் வண்டி மோதறது, மூச்சு முட்டறது, குண்டு விழறதுன்னு ஆபத்து, சாவு சம்பந்தமாவே வருது, "உனக்கு எதுக்கு ரொம்ப பயம்?"னு திறந்து கேட்டா சிலந்தி மேல வருது. ரெண்டும் ஒரே பசங்க. ஸ்கேல் "குண்டு விழுந்தா"ன்னு கேக்கறப்ப குழந்தை அத கற்பன பண்ணி பாத்து ரொம்ப பயம்னு டிக் அடிக்குது, அதுக்காக அந்த குழந்தை தினமும் குண்ட நெனச்சு பயந்துட்டு இருக்குன்னு அர்த்தம் ஆகிருமா? அதே மூரிஸ் டீம் 2000ல 4ல இருந்து 12 வயசு வரைக்கும் 190 பசங்ககிட்ட நேர்லயே இன்டர்வியூ எடுத்து பயம், கவலை, கெட்ட கனவு மூணையும் கேட்டாங்க, பயம் இருக்குன்னு 76 சதவீதம் போல, கெட்ட கனவு வரும்னு 80 சதவீதம் போல சொன்னாங்க. கைடுகிட்ட காட்ட உங்க டாபிக்லயே, நீங்க எடுக்கற வயசு பசங்களயும் சேத்து, இன்டர்வியூல எடுத்த ஆராய்ச்சி இருக்குங்க.

இப்ப நான் எடுத்ததுல இருந்தே ஒண்ணு சொல்றேன், ஆள் தெரியாம இருக்க சில விவரத்த மாத்திட்டேன். முதலமடை பக்கம் மாந்தோப்பு வேலைக்கு போற குடும்பம், ரெண்டாங்கிளாஸ் பொண்ணு. அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல யாரோ ஒரு செக்லிஸ்ட் குடுத்ததுல "நாய்"ங்கற எடத்துல ஆமான்னு டிக் இருந்துச்சு. மிருக பயம், அந்த வயசுக்கு சகஜம், முடிஞ்சுது. நான் பயங்கற வார்த்தையே எடுக்கல.

"ராத்திரி உங்க வீட்டுல என்னெல்லாம் நடக்கும், சாப்புட்றதுல இருந்து சொல்லு கண்ணு."

"சோறு திம்போம். அம்மா பாத்தரம் கழுவும். அப்பறம் லைட்ட ஆஃப் பண்ணிரும்."

"லைட்ட ஆஃப் பண்ணதுக்கு அப்பறம்?"

பாப்பா ரொம்ப நேரம் பேசல. பாவாட நூல பிரிச்சுட்டு இருந்துச்சு. நானும் பேசல.

"நாய் கொலைக்கும்."

"நாய் கொலைக்கும்."

"ம். கொலைச்சா அப்பா வருதுன்னு அர்த்தம்."

"அப்பா வந்தா அப்பறம் என்ன நடக்கும்?"

"அம்மா எந்திரிச்சுக்கும். நானு தூங்கற மாதிரி படுத்துக்குவேன்."

இதுல நான் கேட்டது எதுலயும் பதில் ஒளிஞ்சிருக்கல, "அப்பா அடிப்பாரா"ன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தா அதுக்கு மேல அவ சொல்றது எதையும் நம்ப முடியாம போயிருக்கும். அவ சொன்ன வார்த்தையவே திருப்பி சொன்னேன், "அப்பறம் என்ன"ன்னு கேட்டேன், சும்மா இருந்தேன். செக்லிஸ்ட்ல நாய்க்கு விழுந்த டிக் பொய் இல்ல, அவ பயம் நாய் கொலைக்கறப்பதான் ஆரம்பிக்குது, ஆனா அத மிருக பயம்னு எண்ணினா ரிசர்ச்சும் தப்பு, அந்த குழந்தைக்கும் உதவி இல்ல. அர்த்தம் தெரிய வேண்டிய எடத்துல இன்டர்வியூவ விட்டா வேற வழி இல்லைங்க.

இத எப்படி செய்யறதுன்னு கேட்டா, உலகத்துல இப்ப இதுக்கு நல்லா சோதிச்ச ஒரு முறை இருக்கு. அமெரிக்காவுல என்.ஐ.சி.ஹெச்.டி. புரோட்டகால்னு (அங்க இருக்கற குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனத்தோட சுருக்கப் பேர்) மைக்கேல் லாம்பும் அவங்க டீமும் 1990கள்ல உருவாக்குனது, கொடுமைக்கு ஆளான பசங்ககிட்ட போலீஸும் சமூகப் பணியாளர்களும் விசாரிக்கறதுக்காக வந்தது, அதோட அமைப்ப சாதாரண ரிசர்ச்சுக்கும் எடுத்துக்கலாம். மொதல்ல சட்டம் சொல்லணும், அதுவும் வெறுமனே சொன்னா பத்தாது, பழக்கிக் காட்டணும். "எனக்கு உன்ன பத்தி ஒண்ணும் தெரியாது. தெரியாதத கேட்டா தெரியலன்னு சொல்லு. எங்க வீட்டு நாய் பேரென்ன?" குழந்தை முழிக்கும், சில பசங்க ஏதாச்சும் பேர் வச்சுருவாங்க, "நீ எங்க வீட்டுக்கு வந்ததே இல்ல, அப்ப என்ன சொல்லணும்?" "தெரியல." "சூப்பர்." அப்புறம் "நான் தப்பா சொன்னா திருத்தணும், உனக்கு அஞ்சு வயசுதானே?"ன்னு வேணும்னே தப்பா கேளுங்க, "இல்ல ஏழு!"ன்னு கோவமா வரும் பாருங்க, அந்த இடத்துலதான் அந்த பழைய சட்டம் ஒடையுது. இத விட்டுட்டு நேரா கேள்விக்கு போனா எல்லாமே "ஆமா டீச்சர்"தான்.

அடுத்தது, கதை சொல்ல பழக்கறது. உங்க டாபிக் இல்லாத ஒரு நல்ல விஷயத்த எடுங்க, சித்தூர் கொங்கன்படை திருவிழாவுக்கு போனது, ஓணத்துக்கு ஸ்கூல்ல பூக்களம் போட்டது, பொங்கலுக்கு பாட்டி ஊருக்கு போனது, எதுவா இருந்தாலும் சரி. "ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எல்லாத்தையும் சொல்லு"ன்னு விடுங்க. அஞ்சு நிமிசம் இதுக்கு செலவு பண்ணா பின்னாடி பயத்த பத்தி பேசறப்ப அதே மாதிரி நீளமா வரும். ரொம்ப சின்னப் பசங்களுக்கு "என்ன நடந்துச்சு"ங்கறத விட "என்ன நடக்கும்"ங்கறது சுலபம், கேதரின் நெல்சன் இத நிறைய ஆராஞ்சிருக்காங்க, தினம் நடக்கற விஷயத்த மூணு வயசு குழந்தை கூட வரிசையா சொல்லிரும். அதனால பொதுவா ஆரம்பிச்சு "அப்படி கடைசியா நடந்தது எப்ப, அன்னைக்கு நடந்தத மட்டும் சொல்லு"ன்னு சுருக்கிட்டே வாங்க. எத்தன தடவ, எந்த மாசம், எவ்வளவு நேரம், இதெல்லாம் எட்டு வயசுக்கு கீழ கேட்டு பிரயோஜனம் இல்ல, நம்பர் சொல்லுவாங்க, அது வெறும் நம்பர். வேணும்னா "மாங்கா சீசன்லயா, ஸ்கூல் தொறந்து மழை பேஞ்சப்பவா"ன்னு அவங்களுக்கு தெரிஞ்ச குறிப்ப வச்சு ரெண்டுல ஒண்ண கேக்கலாம், அதுவும் கடைசியில.

"ஏன்" வேண்டாம். "ஏன் அழுத?", "ஏன் போகல?" நம்ம ஊர்ல இது கேள்வி இல்ல, திட்டு. "அப்ப என்ன நெனச்ச", "எதனால அழுக வந்துச்சு, சொல்லு"ன்னு போங்க. குழந்தை நிறுத்துனா அடுத்த கேள்விக்கு பாயாதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. எழுதி எடுக்கறப்ப தெரியும், நல்ல பதில் எல்லாம் அந்த எண்ணிக்கைக்கு அப்புறம்தான் வந்திருக்கும்.

பேசவே மாட்டேங்கற பசங்களுக்கு ரெண்டு வழி நல்லா வேலை செய்யும். ஒண்ணு வரையறது. குரோஸ், ஹெய்ன் 1998ல காட்டினாங்க, சந்தோசமோ பயமோ ஏற்பட்ட சம்பவத்த வரைஞ்சுட்டே சொல்லச் சொன்னா 3ல இருந்து 6 வயசு பசங்க சும்மா சொல்றத விட ரொம்ப அதிகமா சொல்றாங்க. ஆனா படத்த பாத்து நீங்க அர்த்தம் பண்ணக் கூடாது, கருப்பு கலர் போட்டா சோகம்னு எழுதறதெல்லாம் தயவு செஞ்சு வேண்டாம், கருப்பு கிரேயான் மட்டும் முழுசா இருந்திருக்கும். குழந்தை வரையறப்ப வாயால சொல்றதுதான் டேட்டா. இன்னொண்ணு பொம்மை. பெர்க்கிலியில ஏப்லோ, மெசல் உருவாக்குன முறையில ரெண்டு கைப்பொம்ம, ஒண்ணு "எனக்கு நெறைய ஃபிரண்ட்ஸ் இருக்காங்க"ங்கும், இன்னொண்ணு "எனக்கு அவ்வளவா இல்ல"ங்கும், "நீ எப்படி?"ன்னு குழந்தைய கேக்கும். 4ல இருந்து 8 வயசுக்கு. ரெண்டு பொம்மையும் சமமா, சிரிச்ச மொகத்தோட சொல்றதால எது சரியான பதில்னு குழந்தைக்கு யூகிக்க முடியாது, உங்க மூஞ்சிய பாத்தும் பிரயோஜனம் இல்ல. உங்க டாபிக்குக்கு "நான் ராத்திரி தனியா பாத்ரூம் போவேன்", "நான் யாரையாச்சும் கூப்டுவேன்"னு எழுதிக்கலாம்.

நம்ம பக்கத்துக்கு மொழி ஒரு பெரிய விஷயம். வீட்டுல தமிழ், தெருவுல ரெண்டும், டிவியில ரெண்டும், கவர்மென்ட் ஆபீஸ்ல மலையாளம்னு வளர்ற பசங்க. ஸ்கூல் தமிழ்ல, புத்தகத் தமிழ்ல நீங்க கேட்டா பரீட்சை பதில்தான் வரும். அவங்க வீட்டுல பேசற மாதிரியே பேசுங்க, நடுவுல மலையாளத்துக்கு தாவுனா நீங்களும் தாவுங்க, எழுதி எடுக்கறப்ப அப்படியே எழுதுங்க, சுத்தம் பண்ணாதீங்க. அப்புறம் "டீச்சர்"னு கூப்பிட விடாதீங்க, அக்கான்னு கூப்பிடச் சொல்லுங்க, ஸ்டாஃப் ரூம்ல உக்கார வைக்காதீங்க, கிளாஸ் டீச்சர் கூட இருக்க வேண்டாம். வராந்தாவுல, எல்லாரும் பாக்கற ஆனா காதுல விழாத தூரத்துல, பாய் போட்டு கீழ உக்காருங்க. ஆடி மாசத்துல வராந்தா வேண்டாம், பாலக்காட்டு கணவாய்க் காத்துல ரெக்கார்டிங் பூராவும் உஸ்ஸுன்னுதான் இருக்கும். 20 நிமிசத்துக்கு மேல போகாதீங்க, மீதிய இன்னொரு நாள் வச்சுக்கலாம், ரெண்டாவது நாள் பசங்க இன்னும் நல்லா பேசும்.

இப்ப ஆபத்தான எடம். நீங்க ஏற்கனவே ஒண்ண முடிவு பண்ணிட்டு போனா குழந்தை அத உங்களுக்கு கண்டிப்பா குடுத்துரும். லைக்ட்மன், சேசி 1995ல பண்ண ஆராய்ச்சி, சாம் ஸ்டோன்னு ஒரு ஆள் நர்சரிக்கு ரெண்டு நிமிசம் வந்துட்டு ஒண்ணும் பண்ணாம போயிட்டாரு. ஒரு குரூப் பசங்ககிட்ட அவர் வர்றதுக்கு முன்னாடியே "சாம் எல்லாத்தையும் ஒடச்சுருவாரு"ன்னு வாரா வாரம் கதை சொல்லி வச்சாங்க, வந்துட்டு போனதுக்கு அப்புறம் பத்து வாரத்துல நாலு தடவ, "சாம் புத்தகத்த கிழிச்சப்ப கோவமா இருந்தாரா?"ங்கற மாதிரி கேட்டாங்க. கடைசியில புதுசா ஒருத்தர் கேட்டப்ப 3, 4 வயசு பசங்கள்ல பெரும்பாலானவங்க, சாம் புத்தகத்த கிழிச்சாரு, பொம்மைய அழுக்கு பண்ணாருன்னு சொன்னாங்க, எப்படி பண்ணாருன்னு விவரமெல்லாம் சொன்னாங்க. அந்த வீடியோவ இந்த துறையிலேயே இருக்கறவங்களுக்கு போட்டு காட்டியும் எந்த குழந்தை சொல்றது நெசம்னு அவங்களால பிரிக்க முடியல. முன்கதை எதுவும் சொல்லாம, கேள்விய நடுநிலையா கேட்ட குரூப்ல இப்படி பொய்யான விவரம் கிட்டத்தட்ட வரவே இல்ல. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் ஒரு பின்னணி இருக்கு, கலிஃபோர்னியாவுல மெக்மார்ட்டின் நர்சரி வழக்கு, 1983ல ஆரம்பிச்சு 1990ல முடிஞ்சுது, நூத்துக்கணக்கான பசங்கள தப்பான முறையில விசாரிச்சு, "உன் ஃபிரண்ட்ஸ் எல்லாம் சொல்லிட்டாங்களே"ன்னு அழுத்தி, கடைசியில ஒருத்தர் மேலயும் குற்றம் நிரூபணம் ஆகல. கெட்ட இன்டர்வியூ நெசமாவே பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் துரோகம், எதுவும் செய்யாதவங்களுக்கும் துரோகம். எனக்கு இதுல ரொம்ப ஆத்திரம் உண்டு, அதான் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்.

அனுமதி விஷயம். காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி, ஹெச்.எம்., ஏ.இ.ஓ. (கல்வி அதிகாரி) ஆபீஸ், அப்பா அம்மா கையெழுத்து, இதெல்லாம் எப்படியும் வாங்குவீங்க. மருத்துவ ஆராய்ச்சிக்கான மத்திய கவுன்சில் ஐ.சி.எம்.ஆர். குடுத்த 2017 வழிகாட்டுதல்படி 7 வயசுக்கு மேல குழந்தையோட வாய்வழி சம்மதமும் வேணும், 12க்கு மேல எழுத்துல. 7க்கு கீழ இருந்தாலும் வேண்டாம்னு குழந்தை காட்டுனா நிறுத்திடணும். சின்னப் பசங்க வேண்டாம்னு வாயால சொல்ல மாட்டாங்க, ஜன்னல பாப்பாங்க, "பெல் அடிச்சாச்சா"ம்பாங்க, அதுதான் வேண்டாம். அப்புறம் "நீ சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் சத்தியம் பண்ணிடாதீங்க. 2012 போக்சோ சட்டத்தோட 19வது பிரிவு படி பாலியல் குற்றம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும், ரிசர்ச் ஸ்டூடன்ட்டா இருந்தாலும், தகவல் குடுத்தே ஆகணும், குடுக்காம இருந்தா அதுக்கே தண்டனை உண்டு. அதனால "நீ சொல்றத உன் பேர் போடாம எழுதுவேன், உனக்கு யாராலயாச்சும் ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்"னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. ஸ்கூல் கவுன்சிலர் யாரு, 1098 குழந்தைகள் ஹெல்ப்லைனுக்கு யாரு கூப்பிடறதுன்னு மொத இன்டர்வியூக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கோங்க. அந்த மாதிரி ஏதாச்சும் வந்துச்சுன்னா அங்கயே உங்க கேள்வி நிக்கணும், தோண்டாதீங்க, விசாரிக்கறது உங்க வேலை இல்ல. நாய் கொலைக்குதுன்னு சொன்ன பொண்ணு விஷயத்துல நானும் அன்னைக்கு அதுக்கு மேல கேக்கல, கவுன்சிலர்கிட்டதான் கொண்டு போனேன்.

பெத்தவங்ககிட்டயே கேட்டுட்டா என்னன்னு சிலர் கேப்பாங்க. கேளுங்க, ஆனா அது வேற டேட்டா. ஆக்கன்பாக் 1987ல 119 ஆராய்ச்சிய சேத்து பாத்தாரு, குழந்தை தன்ன பத்தி சொல்றதுக்கும் மத்தவங்க அந்த குழந்தைய பத்தி சொல்றதுக்கும் இருந்த ஒத்துப்போறது சராசரியா 0.22 தான் (1 வந்தா முழுசா ஒத்துப்போகுது, 0 வந்தா சம்பந்தமே இல்லன்னு அர்த்தம்), அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேருக்குள்ள 0.60 வரைக்கும் ஒத்துப்போறாங்க. வெளிய தெரியற சேட்டைய பெத்தவங்க சரியா சொல்லுவாங்க, உள்ள இருக்கற பயத்த குழந்தைதான் சொல்லணும். அதே நேரத்துல நாலு வயசுக்கு கீழ இருக்கற பசங்கள பத்தின்னா இன்டர்வியூவ மட்டும் நம்பி உக்காராதீங்க, அங்கன்வாடியில போய் உக்காந்து கவனிக்கறதுதான் மெயின், பேச்சு அதுக்கு துணை.

அனாலிசிஸ்ல கைடு வாய அடைக்க ஒரு வழி சொல்றேன், நெசமாவே நல்ல வழியும் கூட. பதில கோட் பண்றதுக்கு, அதாவது வகை பிரிக்கறதுக்கு, முன்னாடி உங்க கேள்விய கோட் பண்ணுங்க. ஒவ்வொரு கேள்வியும் திறந்ததா, என்ன எங்கன்னு குறிப்பா கேட்டதா, ஆமா/இல்லயா, பதில ஊட்டுனதா, நாலுல ஒண்ணு. ஒவ்வொரு இன்டர்வியூலயும் திறந்த கேள்வி எத்தன சதவீதம்னு டேபிள் போடுங்க. ஊட்டுன கேள்விக்கு வந்த பதிலையும் அதுக்கு அப்புறம் அதே விஷயத்த பத்தி வந்ததையும் தனியா வைங்க. பதில கோட் பண்றப்ப உங்க டாபிக் தெரியாத ஒரு ஃபிரண்ட விட்டு அஞ்சுல ஒரு பங்கையாச்சும் தனியா பண்ணச் சொல்லி கோஹனோட கப்பா, அதாவது நீங்க ரெண்டு பேர் பிரிச்சதும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டற கணக்கு, போடுங்க. "சைன்டிஃபிக் இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது. எண்ணிக்கைய பத்தி கவலப்படாதீங்க, எம்.எஸ்சி.க்கு 15, 20 பசங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ரெண்டு தடவ, போதும், அதயே ஒழுங்கா எழுதி எடுக்க நாக்கு தள்ளிரும். ஸ்கேலும் குடுக்கணும்னு கைடு பிடிவாதம் பிடிச்சா குடுங்க, ஆனா இன்டர்வியூ முடிஞ்சதுக்கு அப்புறம் குடுங்க, முன்னாடி குடுத்தா அந்த 80 கேள்வியில இருக்கற பாம்பும் இடியும் குழந்தை வாய்ல இருந்து உங்களுக்கு திரும்பி வரும்.

ஏற்கனவே எடுத்த ரெக்கார்டிங்க தூக்கி போட்டுடாதீங்க. அத பைலட், அதாவது முன்னோட்டம்னு பேர் போட்டு, கேள்விய கோட் பண்ணி, எந்த மாதிரி கேள்விக்கு எத்தன "ஆமா" வந்துச்சுன்னு ஒரு டேபிள் போட்டு மெத்தடாலஜி சாப்டர்லயே வைங்க. அந்த பசங்களையே மறுபடி எடுக்காதீங்க, உங்க பழைய கேள்வி அவங்க மனசுல இருக்கும், வேற டிவிஷனோ வேற ஸ்கூலோ பாருங்க. வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கம் விசாரிச்சு பாத்தா தமிழ் மீடியம் கிடைக்கும். கேள்விப் பட்டியல் புதுசா எழுதுனீங்கன்னா இங்கயே போடுங்க, ஒவ்வொண்ணா பாத்து சொல்றேன்.